எஸ்.பி.எஃப் 30-ஆ, 50-ஆ? மொரீசியஸ் வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் தேர்ந்தெடுக்கும் முறை

காத்ர் போர்னில் ஒரு மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் பல வருடங்களாக நிற்கிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் தினமும் வரும் கேள்வி இது: "எது நல்லது, 30-ஆ 50-ஆ?" அந்த எண்தான் எஸ்.பி.எஃப்: வெயிலில் தோல் சிவப்பதைச் சன்ஸ்கிரீன், அதாவது வெயில் தடுப்பு க்ரீம், எவ்வளவு தடுக்கும் என்ற அளவு. எண்ணைச் சொன்னதும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் சிலர் இரண்டு வாரத்தில் தோள் உரிந்து திரும்பி வந்து, "நீங்கள் கொடுத்த 50 வேலை செய்யவில்லை" என்பார்கள். விசாரித்தால் பாட்டிலில் குறை இருக்காது. எண்ணை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் விட்டிருப்பார்கள்.

இந்த வழிகாட்டியில் எண் ஐந்தாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சன்ஸ்கிரீன் பாட்டில், ஒரு தேக்கரண்டி. இவை போதும். கரண்டி எதற்கு என்பது ஏழாவது படியில் புரியும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்காகப் படிக்கிறீர்கள் என்றால், க்ரீம் தேட வேண்டாம். அந்த வயதுத் தோலுக்கு நிழல், மெல்லிய முழுக்கைச் சட்டை, தொப்பி ஆகியவைதான் பாதுகாப்பு.

1. வெப்பத்தை விடுங்கள், நிழலைப் பாருங்கள்

தோலைக் கருக்குவது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, சுடவும் சுடாது. நமக்குச் சுடுவது வேறு கதிர். காற்று வீசினால் உடம்பு குளிரும், ஆனால் புற ஊதாக் கதிர் கொஞ்சமும் குறையாது. அதனால் "இன்றைக்கு அவ்வளவு வெயில் இல்லை" என்று உடம்பு சொல்வதை நம்ப முடியாது.

நம்ப வேண்டியது உங்கள் நிழலை. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உயர உயர, கதிர் காற்று மண்டலத்தைக் கடக்கும் தூரம் குறைகிறது. வழியில் வடிகட்டப்படுவதும் குறைகிறது.

நம் தீவு தெற்கே சுமார் 20 பாகையில் இருக்கிறது. நவம்பர் 21-ஐ ஒட்டியும் ஜனவரி 21-ஐ ஒட்டியும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே வரும். ஜனவரியில் மதியம் 12:20 அளவில் நிழல் காலடிக்குள் ஒளிந்துவிடும். இங்கே குளிர்காலம் என்று சொல்லும் ஜூன் 21-இல்கூட, நண்பகல் நிழல் நம் உயரத்தைவிடக் கொஞ்சம் குட்டைதான். சன்ஸ்கிரீன் கோடைக்கு மட்டுமான பொருள் என்ற எண்ணம் இந்தத் தீவுக்குப் பொருந்தாது.

கைபேசி வானிலைச் செயலியில் யு.வி. (புற ஊதாக் கதிர்) குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை, 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் உச்சம். இங்கே கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

அப்புறம் மேகம். கியூர்பிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சறுக்குவது இதில்தான். அங்கே பாதி நாள் மூட்டமும் தூறலுமாக இருப்பதால், மேகம் என்றால் வெயில் இல்லை என்று பழகிவிடுகிறார்கள். மெல்லிய மேகத்தின் வழியாகப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். நானும் ஒருமுறை பெல் மார் கடற்கரையில், வானம் வெள்ளையாக இருக்கிறதே என்று காலை முழுவதும் தோளில் எதுவும் பூசாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு மல்லாந்து படுக்க முடியவில்லை.

2. உங்கள் நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள்

காலை 9 முதல் மாலை 4 வரை எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொகையைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

எபேனில் கணினி முன்னால் வேலை பார்ப்பவருக்கு வெளிவெயில் மொத்தம் அரை மணி நேரம்தான். ஆனால் அவர் கியூர்பிப்பிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறார் என்றால், போக வர ஒரு மணி நேரம் கண்ணாடி வழியாக வெயில் படுகிறது. புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ., யு.வி.பி. என்று இரண்டு வகை நம்மை எட்டுகின்றன. கண்ணாடி யு.வி.பி. கதிரைத் தடுத்துவிடும், அதனால் தோல் சிவக்காது. யு.வி.ஏ. கதிர் பக்கக் கண்ணாடி வழியாக நன்றாகவே உள்ளே வரும். கருமையும் சுருக்கமும் அதனால் வருபவை. நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். பல வருடம் ஓட்டியவரின் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வலக்கை கறுத்திருக்கும்.

சந்தையில் கடை போடுபவர், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர், பிள்ளைகளைக் கால்பந்துக்குக் கூட்டிப்போய் மைதானத்து ஓரத்தில் நிற்கும் அம்மா ஆகியோருக்கு வெயில் கணக்கு மணிகளில் ஏறும். கடற்கரை இன்னொரு வகை. அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வராது. வெள்ளை மணல் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். குடைக்குள் உட்கார்ந்தும் தாடையின் அடிப்பக்கம் கருகுவது இப்படித்தான். தண்ணீருக்குள்ளும் தப்பிக்க முடியாது, அரை மீட்டர் ஆழத்தில்கூடக் கதிர் இருக்கிறது.

3. தோலையும் மாத்திரையையும் கணக்கில் சேருங்கள்

"நமக்கெதற்கு, நாம் கறுப்புதானே?" என்று கேட்பவர்கள் அதிகம். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி ஓரளவு காப்பது உண்மை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியைப் போல இருபது நிமிடத்தில் சிவந்துபோக மாட்டோம். ஆனால் நம் தோலுக்கு வெயில் செய்யும் கெடுதல் வேறு மாதிரி: கன்னத்தில் மங்கு, பரு வந்த இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறை, நெற்றியில் திட்டுத் திட்டான கருமை. இவற்றுக்காகத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் கடைக்கு வருகிறார்கள். வெளுக்கும் க்ரீம் கேட்டு வருபவர்களை நான் முதலில் சன்ஸ்கிரீன் பக்கம் திருப்புவேன். வெயிலை மறைக்காமல் கறையைக் குறைக்கப் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

கையில் வைத்திருக்கும் மாத்திரைப் பட்டியலை இப்போது பாருங்கள். டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். இவற்றில் ஏதாவது இருந்தால், ஐந்தாவது படியில் ஒரு நிலை மேலே போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

மச்சம் ஒன்று உருவம் மாறுகிறது, உள்ளங்கால் அல்லது நகத்தடியில் புதுக் கறுப்பு தெரிகிறது என்றால் சன்ஸ்கிரீன் கேட்டு வராதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

4. பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். தகவல் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். இங்கே கிடைப்பதில் பல ஐரோப்பியச் சரக்கு, எழுத்து பிரெஞ்சில் இருக்கும். அந்த முறைப்படி 'மொய்யென்' என்றால் நடுத்தரம், 15 முதல் 25 வரை. 'ஓத்' என்றால் உயர்வு, 30 அல்லது 50. 'த்ரே ஓத்' என்றால் மிக உயர்வு. அதற்கு 50+ என்று மட்டும் போடுவார்கள், சோதனையில் 60 அல்லது அதற்கு மேல் வந்திருக்க வேண்டும். 80, 100 என்று ஐரோப்பியப் பாட்டிலில் தேடிக் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், அந்த முறையில் 50+தான் உச்சம்.

இரண்டாவதாக, ஒரு சிறு வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.பி.எஃப் எண் முக்கியமாகத் தோல் சிவப்பதை, அதாவது யு.வி.பி.யைத்தான் அளக்கிறது. யு.வி.ஏ. தடுப்பு அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் அந்த வட்டம் கிடைக்கும். ஜப்பான், கொரியா சரக்கில் இதற்குப் பதில் பி.ஏ. என்று போட்டு கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு கூட்டல் என்றால் மிக நல்லது. மங்கு, கருமை பிரச்சினை உள்ளவர்களுக்கு எண்ணைவிட இதுவே முக்கியம். இரண்டும் இல்லாத பாட்டிலில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' (யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டையும் தடுப்பது) என்ற சொல்லாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, தண்ணீரைத் தாங்குமா என்பது. 'ரெசிஸ்தான் ஆ லோ' என்று எழுதியிருக்கும். தாங்கும் என்பதற்கு நாள் முழுவதும் ஒட்டியிருக்கும் என்று பொருள் இல்லை. சில பாட்டில்களில் 40 நிமிடம், 80 நிமிடம் என்று நேரமே போட்டிருப்பார்கள்.

5. இப்போது எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் ஒரு தவறான கணக்கை நீக்கிவிடலாம். "நான் பத்து நிமிடத்தில் சிவப்பேன், 30 போட்டால் முந்நூறு நிமிடம் தாங்கும்" என்று சிலர் பெருக்கிப் பார்ப்பார்கள். வியர்வை, துடைப்பு, அளவுக் குறைவு எதுவும் இந்தப் பெருக்கலில் இல்லை. காலை எட்டு மணிப் பத்து நிமிடமும் நண்பகல் பத்து நிமிடமும் ஒன்று அல்ல. எண்ணை நேரமாகப் படிக்காமல், உள்ளே விடும் பங்காகப் படியுங்கள்.

முழு அளவில் பூசினால் எஸ்.பி.எஃப் 15 சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. "97-க்கும் 98-க்கும் என்ன வித்தியாசம், விலை மட்டும் ஏறுகிறது" என்று கேட்பார்கள். உள்ளே வருவதைப் பாருங்கள். 30-இல் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் உள்ளே வருகிறது, 50-இல் இரண்டு. அரை மணி வெயிலில் இது பெரிதாகத் தெரியாது. ஆறு மணி நேரக் கடற்கரையில் தெரியும்.

அதனால் நான் சொல்வது இதுதான். அலுவலகம், வீடு, கொஞ்சம் நடை, கார் என்ற நாளுக்கு 30 போதும்; யு.வி.ஏ. வட்டம் கட்டாயம் இருக்கட்டும். முகத்தில் மங்கு இருந்தால், அல்லது மூன்றாவது படியில் மாத்திரை மாட்டினால் 50. சந்தை, தோட்டம், விளையாட்டு மைதானம் என்றால் 50, தண்ணீர் தாங்குவது. கடற்கரை, படகு, ல மோர்ன் மலையேற்றம் என்றால் 50+, தண்ணீர் தாங்குவது, கூடவே சட்டையும் தொப்பியும். 15-ஐ நான் இங்கே யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. நாம் எப்போதும் குறைவாகவே பூசுகிறோம், 15-இல் அந்தக் குறைவைத் தாங்க இடமே இல்லை.

இரண்டு எண்களைக் கூட்டாதீர்கள். 30 க்ரீமுக்கு மேல் 15 போட்ட பவுடர் பூசினால் 45 வராது. தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லதுதான், ஆனால் வெயிலைத் தடுக்கும் சக்தி அதில் மிகக் குறைவு. சந்தனமும் அப்படித்தான்.

6. நீங்கள் தினமும் பூசக்கூடிய வகையாக இருக்கட்டும்

மொரீசியஸ் ஈரப்பதத்தில் கெட்டியான க்ரீமை ஜனவரியில் யாரும் தொடர்ந்து பூச மாட்டார்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் அல்லது நீர்த்த லோஷன், வறண்ட தோலுக்கு க்ரீம்.

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு உள்ளவை குழந்தைகளுக்கும் எரிச்சல் வரும் தோலுக்கும் நல்லவை. ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும். அதனால் வெட்கப்பட்டு, மெல்லியதாகத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள், பாதுகாப்பும் போய்விடுகிறது. இதற்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, மங்கைக் கூட்டும் சாதாரண வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும் என்பது கூடுதல் நன்மை.

கடலில் இறங்குபவர்களுக்கு ஒன்று: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. நம் லகூனிலும் பவளம் இருக்கிறது. இவை இல்லாததை வாங்குங்கள், முடிந்த இடத்தில் நீச்சல் சட்டை போட்டுக்கொண்டு க்ரீமைக் குறையுங்கள்.

7. கரண்டியை எடுங்கள்

எல்லாரும் தடுக்கி விழும் படி இதுதான். பாட்டிலில் இருக்கும் எண்ணை ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசி அளந்திருக்கிறார்கள். நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதி, சில சமயம் கால் பங்கு. அப்போது 50 என்பது 50 ஆக இருப்பதில்லை, மிகவும் கீழே இறங்கிவிடும்.

முழு அளவு என்பது ஒரு பெரியவருக்கு ஏழு தேக்கரண்டி: முகம், கழுத்து, காதுக்கு ஒன்று, கை ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. மொத்தம் சுமார் 35 மில்லி. ஒரு தடவையாவது உண்மையிலேயே கரண்டியில் அளந்து பூசிப் பாருங்கள். "இவ்வளவா!" என்று கை நிற்கும். அதற்கப்புறம் கண்ணளவு சரியாகிவிடும். முகத்துக்கு மட்டும் என்றால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு, கழுத்துக்கும் காதுக்கும் இன்னொரு கோடு.

இதை வைத்து வாங்கும் கணக்கைப் போடலாம். டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டவருக்கு உடம்போடு கை, காலிலும் கொஞ்சம் மறைந்துவிடுவதால் சுமார் நான்கு கரண்டி, அதாவது 20 மில்லி. கணவன் மனைவி இருவர், கடற்கரையில் மூன்று தடவை என்றால் 120 மில்லி. 200 மில்லி பாட்டில் இரண்டாவது கடற்கரை நாளிலேயே தீர்ந்துவிட வேண்டும். "போன வருடம் வாங்கியதே பாதி இருக்கிறது" என்று ஓர் அத்தை பெருமையாகச் சொன்னார். அவர் வீட்டில் ஒருவரும் பாதுகாப்பாக இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

பணம் கட்டுப்படியாகவில்லை என்றால் விலை உயர்ந்த 50+ஐச் சிக்கனமாகப் பூசுவதைவிட, விலை குறைந்த 30-ஐத் தாராளமாகப் பூசுங்கள். மீதியைச் சட்டை பார்த்துக்கொள்ளும்.

8. எதற்கு அப்புறம் எது

முகம் கழுவி, ஈரப்பதம் தரும் க்ரீம் பூசுவதானால் பூசி, அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன். அதற்கு மேல் பவுடர், பொட்டு, திருநீறு. சன்ஸ்கிரீனைப் படலமாகத் தோலில் உட்காரவிட 15 முதல் 20 நிமிடம் வேண்டும். அதனால் வீட்டிலேயே பூசுங்கள். மணலில் போய் இறங்கிப் பூசினால் முதல் இருபது நிமிடம் வீண், கையில் மணலும் சேர்ந்துவிடும்.

கொசு க்ரீமும் பூசுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், கொஞ்ச நேரம் கழித்துக் கொசு க்ரீம். இரண்டும் கலந்த ஒரே பாட்டில் வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அத்தனை தடவை பூசக் கூடாது.

விட்டுப்போகும் இடங்கள்: காது மடல், பின் கழுத்து, பாதத்தின் மேல்பக்கம், வகிடு, வழுக்கைத் தலை. உதட்டுக்கு எஸ்.பி.எஃப் உள்ள தைலம் தனியாக வேண்டும்.

9. மறுபடி பூசுவது

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடலிலிருந்து ஏறித் துண்டால் துடைத்தால் அப்போதே, மணி பார்க்க வேண்டாம். எண் பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாகும் என்று நினைக்காதீர்கள். 50-ம் 30-ஐப் போலவே வியர்வையில் கரையும்.

அலுவலகத்தில் உள்ளேயே இருப்பவருக்குக் காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஒருமுறை. அவ்வளவே போதும்.

10. காவடி நாளுக்குத் தனிக் கணக்கு

தைப்பூசம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. சூரியன் உச்சியில் இருக்கும் வாரங்கள் அவை. ஆற்றங்கரையில் காலையில் கூடி, கோயில் போய்ச் சேர நண்பகல் தாண்டிவிடும். காவடி எடுப்பவர் சட்டை போட மாட்டார், தொப்பி வைக்க மாட்டார். இதைவிடக் கடுமையான வெயில் நாள் நமக்கு வருடத்தில் இல்லை.

விரதத்தில் இருப்பவர் எதையும் பூசிக்கொள்ள விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். விரும்பினால் விடியற்காலையில், வீட்டில், குளித்தபின் 50+ பூசுங்கள். பொருள் பட்டியலில் லனோலின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுப்பது, சிலர் விரதத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அலகு, ஊசி குத்தும் இடத்திலும் அதைச் சுற்றியும் தடவக் கூடாது. குத்திய துளைக்குள் க்ரீம் போகக் கூடாது. காது, பின் கழுத்து, மூக்கு, பாதத்தின் மேல்பக்கம் ஆகியவற்றில் பூசினால் போதும்.

எலுமிச்சம்பழம் கோத்துத் தொங்கவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், கறை மாதக்கணக்கில் நிற்கும். சன்ஸ்கிரீன் இதை முழுதாகத் தடுக்காது. சாறு வழிந்தால் கூட வருபவர் ஈரத் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும்.

கூட நடக்கும் குடும்பத்தார் தங்களை மறந்துவிடுகிறார்கள். அடுத்த நாள் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பால்குடம் பிடித்த முழங்கை, சேலை மூடாத முதுகு, குழந்தையின் கால். உங்கள் பையில் ஒரு சின்ன டியூப் இருக்கட்டும், வழியில் நிற்கும்போது ஒருமுறை பூசிக்கொள்ளுங்கள்.

11. பாட்டிலை எங்கே வைப்பது

காருக்குள் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் க்ரீம் பிரிந்து, தண்ணீரும் கட்டியுமாக ஆகிவிடும். அப்படி ஆனதைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போடுங்கள். கடற்கரையில் துண்டுக்குள் சுற்றி நிழலில் வையுங்கள்.

பின்பக்கத்தில் திறந்த டப்பா படம் ஒன்று இருக்கும், அதற்குள் 12எம் என்றோ 6எம் என்றோ எழுதியிருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான் நல்லது என்று அர்த்தம். எப்போது திறந்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. வீட்டில் இருக்கும் பழைய பாட்டிலை எடுத்து முகர்ந்து பாருங்கள், விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். புதிதாக வாங்குவதற்கு, மூடி திறக்கும் அன்றே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள்.